துறைகள் கைகோக்க ஐந்து வழிகள்: எதை முதலில் எடுப்பது?

வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் சிறையிலிருந்து வெளியே வருகிறார். கையில் ஒரு பை, செலவுக்குக் கொஞ்சம் பணம். உள்ளே இருந்தவரை போதைப் பழக்கத்துக்கு மாத்திரை கொடுத்து வந்தார்கள். வெளியே அதைத் தொடர்ந்து கொடுக்க வேண்டிய மருத்துவமனைப் பிரிவு இனி திங்கட்கிழமைதான் திறக்கும். வெளியே வந்தவரைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலரையும் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். தங்க இடம் கேட்டு மனுக் கொடுக்க வேண்டிய உள்ளாட்சி அலுவலகமும் அப்படியே. நடுவில் உள்ள மூன்று இரவுகளுக்கு அவருக்குத் திறந்திருக்கும் கதவு பழைய கூட்டாளிகளுடையது மட்டும். திங்கட்கிழமை அவர் மறுபடி காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் யாரைக் குறை சொல்வது? சிறை, தண்டனை முடிந்த நாளில் சரியாக விட்டுவிட்டது. மருத்துவமனை தன் நேரப்படி மூடியது. காவல்துறை அன்றைக்கே ஆளைப் பிடித்துவிட்டது. அவரவர் பதிவேட்டில் அவரவர் சரி. ஊரின் கணக்கில் மட்டும் ஒரு திருட்டு கூடியிருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வெள்ளிக்கிழமைச் சிக்கலுக்கென்றே 2023-இல் ஒரு சட்டம் போட்டார்கள். வார இறுதியை ஒட்டி விடுதலையாக வேண்டியவரை, தேவை இருந்தால், இரண்டு வேலை நாள் வரை முன்கூட்டியே விடலாம் என்பது அதன் சாரம். இரண்டு அலுவலகங்களின் நேரத்தைப் பொருத்த நாடாளுமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

காவல்துறை, அரசு வழக்கறிஞர், நீதிமன்றம், சிறை, நன்னடத்தைப் பிரிவு, இவற்றோடு மருத்துவமனையும் உள்ளாட்சியும் சேர்ந்து வேலை செய்தால் குற்றம் குறையும் என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. எப்படிச் சேர்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். உலகின் பல நகரங்களில் முயன்று பார்த்த வழிகளை அலசினால் ஐந்து வகை தேறுகிறது. ஒரு நகர நிர்வாகமோ மாவட்ட நிர்வாகமோ ஐந்தையும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாது. தொடங்கினால் ஐந்தும் கெடும். ஒன்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் யாருடைய வேலை மாறியிருக்கிறது?

மேல்மட்டக் குழு

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். துறைத் தலைவர்களைக் கூட்டி ஒரு குழு, மாதம் ஒரு கூட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1998-ஆம் ஆண்டுக் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம் இதைக் கட்டாயமாகவே ஆக்கியது. உள்ளாட்சியும் காவல்துறையும் சேர்ந்து உள்ளூர்க் குற்றத்தை ஆராய்ந்து திட்டம் போட வேண்டும். தகவலைப் பகிர்ந்துகொள்ளவும் சட்டத்திலேயே வழி வைத்தார்கள். அமெரிக்காவில் மாவட்டம் போன்ற பிரிவான கவுன்டிகள் பலவற்றில் இதே போன்ற ஒருங்கிணைப்பு மன்றங்கள் இருக்கின்றன.

இதன் நோயும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதல் கூட்டத்துக்குத் தலைவர் வருவார். இரண்டாவதற்குத் துணைத் தலைவர். நான்காவதற்கு, எதையும் முடிவு செய்ய அதிகாரம் இல்லாத ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, 'மேலிடத்தில் தெரிவிக்கிறேன்' என்று எழுதிக்கொண்டு போவார். மறுநாள் காலையில் எந்தக் காவலரின் ரோந்தும் மாறியிருக்காது.

அதற்காகக் குழுவே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சில சிக்கல்கள் இரண்டு துறைகளுக்கு நடுவில்தான் கிடக்கும். அவற்றைத் தனியாக எடுக்க யாருக்கும் அதிகாரம் இருக்காது. நியூயார்க்கில் சிறு குற்றங்களுக்கு சம்மன் வாங்கியவர்களில் பலர் வாய்தா நாளில் வருவதே இல்லை, உடனே பிடிவாரண்ட். சம்மன் தாளை எழுதிக் கொடுப்பது காவலர், தேதி நீதிமன்றத்துடையது, வராதவரைத் தேடி அலைவது மறுபடி காவலர். தாளை எடுத்துப் பார்த்தால் குற்ற விவரம் மேலே பெரிதாக இருந்தது. எங்கே, எப்போது வரவேண்டும் என்பது ஒரு மூலையில். தேதியையும் இடத்தையும் மேலே கொண்டுவந்து படிவத்தை மாற்றினார்கள். வராதவர்கள் 13 சதவீதம் குறைந்தார்கள். கைபேசிக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பியபோது 21 சதவீதம் குறைந்தார்கள். தேவையற்ற அத்தனை வாரண்டும் கைதும் ஒரு தாளின் அமைப்பிலிருந்து வந்தவை. மேல்மட்டக் குழு செய்ய வேண்டிய வேலை இந்த மாதிரியானது: படிவம், தேதி, யார் யாருக்கு எதை அனுப்புவது. குற்றத் தடுப்பின் நோக்கமும் தொலைநோக்கும் என்று பத்துப் பக்க அறிக்கை எழுதுவது அல்ல.

குழுவுக்கு முன்னால் பொருள் இருந்தால் அது விழித்துக்கொள்ளும் என்பதற்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் சாட்சி. 2005-இல் அங்கே கொலை ஆய்வு ஆணையம் ஒன்று தொடங்கினார்கள். ஒவ்வொரு கொலையையும் காவல்துறை, அரசு வழக்கறிஞர், நன்னடத்தைப் பிரிவு, சமூகச் சேவையாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள்: கொன்றவருக்கும் இறந்தவருக்கும் என்ன தொடர்பு, யாருக்கு முன்பே தெரிந்திருந்தது, எந்த இடத்தில் குறுக்கிட்டிருக்கலாம். இந்த முறையில் செயல்பட்ட காவல் மாவட்டங்களில் மாதாந்திரக் கொலைகள் 52 சதவீதம் குறைந்தன. மற்றவற்றில் ஏறக்குறைய 9 சதவீதம். இதுவும் ஒரு குழுதான். ஆனால் மேஜையில் வைத்தது கேஸ் கட்டு.

மருத்துவமனை வரவேற்பு மேஜை

இரண்டாவது வழியில் கவனம் இடத்தின் மேல். இது பிறந்தது வேல்ஸின் கார்டிஃப் நகரில், 1990-களின் நடுப்பகுதியில். ஜோனதன் ஷெப்பர்ட் அங்கே முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர். உடைந்த தாடையும் கிழிந்த கன்னமுமாக வந்தவர்களைத் தைத்துத் தைத்து அவருக்கு ஒரு சந்தேகம். இவர்களில் பெரும்பாலோர் காவல்துறைப் பதிவேட்டில் இல்லவே இல்லை. அடித்தவனிடம் பயம், குடித்திருந்தோமே என்ற கூச்சம், புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு, இவை எதுவும் காயத்துக்கு மருந்து போடுவதைத் தடுப்பதில்லை. காவல் நிலையத்துக்குப் போவதைத் தடுத்துவிடுகின்றன. ஆக, காவல்துறையின் வரைபடம் எத்தனை நேர்மையாகப் போட்டாலும் பாதி ஊரைக் காட்டாது.

அவர் செய்தது மிகச் சின்ன காரியம். அவசர சிகிச்சைப் பிரிவில் பெயரும் வயதும் கேட்கும் வரவேற்பு ஊழியர் இன்னும் சில கேள்விகள் சேர்த்துக் கேட்டார்: எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன ஆயுதம், எத்தனை பேர் தாக்கினார்கள். 'எங்கே' என்றால் பேட்டையின் பெயர் போதாது. எந்த மதுக்கூடத்தின் வாசல், எந்தத் தெருவின் எந்த முனை. பெயரை நீக்கிவிட்டு இதைக் காவல்துறைக்கும் உள்ளாட்சிக்கும் கொடுத்தார்கள். காவல்துறைக் கணக்கோடு சேர்த்துப் படித்தபோது, அதுவரை அமைதியானவை என்று நினைத்த இடங்கள் சிவப்பாகத் தெரிந்தன. ரோந்து இடம் மாறியது. சில மதுக்கூடங்களின் உரிமம் கேள்விக்கு வந்தது. இரவில் கூட்டம் நெரியும் தெருவை வாகனங்களுக்கு மூடினார்கள். உடைந்தால் கத்தியாகும் கண்ணாடிக் குவளைகளுக்குப் பதில் வேறு குவளைகள் வந்தன.

2011-இல் வெளியான மதிப்பீடு, கார்டிஃபை அதைப் போன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டது. வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், மாதத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு 7 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தார்கள். ஒப்பிட்ட நகரங்களில் அது 5-இலிருந்து 8 ஆக ஏறியது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் 42 சதவீத வித்தியாசம்.

இங்கே என் கேள்விக்குக் கிடைக்கும் பதில் தெளிவானது. மறுநாள் காலையில் வரவேற்பு ஊழியரின் வேலை மாறியது; வெள்ளி, சனி இரவுகளில் ரோந்துக் காவலர் நிற்கும் இடம் மாறியது. புதுக் கட்டடம் இல்லை, புதுச் சட்டம் இல்லை. பெயர் கைமாறாததால் மருத்துவரின் ரகசியக் காப்புக்கும் கேடு இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ரத்தம் ஒழுக நிற்பவரிடம் 'எந்தத் தெரு முனை?' என்று கேட்கச் சொல்லும்போது, அந்த ஊழியருக்கு அது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். தான் எழுதியதால் ஒரு தெரு மாறியது என்று அவருக்கு யாரும் திரும்பிச் சொல்லாவிட்டால், ஆறு மாதத்தில் அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்பது மட்டுமே நிரம்பும்.

இடத்தை மையமாக வைத்த இன்னொரு முயற்சியும் எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தின் ராச்டேலில் கர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பு, 1980-களின் நடுப்பகுதி, வீடு புகுந்து திருடுவது அங்கே தலைவிரித்து ஆடியது. நன்னடத்தைப் பிரிவினர் திருடர்களையே பேட்டி எடுத்தார்கள்; காவல்துறை, திருடு போன வீடுகளைப் பேட்டி எடுத்தது. தெரிந்தது இரண்டு. ஒருமுறை திருடு போன வீட்டில் மறுபடி திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைப் போல நான்கு மடங்கு. ஏறக்குறைய பாதித் திருட்டுகளில் போனது, காசு போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் தரும் மீட்டருக்குள் சேர்ந்திருந்த சில்லறை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உண்டியலைச் சுவரில் ஆணி அடித்து வைத்தது போல! மீட்டரைக் கழற்றினார்கள். திருடு போன வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களைக் கண்காணிக்கச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில் திருட்டு 75 சதவீதம் குறைந்தது. அங்கே தேவைப்பட்ட கூட்டாளி நீதிபதி அல்ல, மின்சார வாரியம். யாரை அழைப்பது என்பதைச் சிக்கலைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

ஆள்வாரிக் கூட்டம்

மூன்றாவது வழி, ஆபத்தில் இருக்கும் ஆளைப் பெயர் சொல்லிப் பேசுவது. இதுவும் கார்டிஃபில்தான் தொடங்கியது, 2003 ஏப்ரலில். வீட்டு வன்முறையில் உயிராபத்து வரை போகக்கூடிய வழக்குகளை மட்டும் எடுத்து, காவல்துறை, நன்னடத்தைப் பிரிவு, மருத்துவம், வீட்டுவசதி, குழந்தைகள் நலம், இவர்களோடு பாதிக்கப்பட்டவர் சார்பில் பேசும் ஓர் ஆலோசகர் என்று எல்லாரும் ஒரே அறையில் கூடினார்கள். இன்று பிரிட்டன் முழுக்க 250-க்கும் மேற்பட்ட இத்தகைய கூட்டங்கள் நடக்கின்றன.

எந்த வழக்கு மேஜைக்கு வரும் என்பதற்கு 24 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கழுத்தை நெரித்திருக்கிறாரா? பிரிந்து போக முயன்றீர்களா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? வீட்டு விலங்கைத் துன்புறுத்தியிருக்கிறாரா? வழக்கமாக 14 கேள்விக்கு 'ஆம்' என்றால் வழக்கு கூட்டத்துக்குப் போகும். அதற்குக் குறைவாக இருந்தாலும், பார்த்தவருக்கு வயிற்றைக் கலக்கினால் அனுப்பலாம்.

ஒரு வழக்குக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று கற்பனை செய்து பாருங்கள். காவல்துறையிடம் இரண்டு புகார் மட்டும், இரண்டும் திரும்பப் பெற்றவை. மருத்துவத் தரப்பு, 'ஆறு மாதத்தில் நான்கு முறை வந்திருக்கிறார், மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார்' என்கிறது. பள்ளித் தரப்பு, 'பெரிய பெண் திங்கட்கிழமைகளில் வருவதில்லை' என்கிறது. நன்னடத்தை அலுவலர் நிமிர்ந்து உட்கார்கிறார்: கணவர் வேறொரு வழக்கில் அவர் கண்காணிப்பில்தான் இருக்கிறார், முந்தைய மனைவியின் கழுத்தை நெரித்தவர். தனித்தனியே எதுவும் அலாரம் அடிக்கவில்லை. சேர்த்து வைத்தால் முதுகு சில்லிடுகிறது. பிறகு வேலைப் பங்கீடு: வீட்டுவசதித் துறை நாளைக்குள் பூட்டை மாற்ற வேண்டும், அந்த முகவரியிலிருந்து அழைப்பு வந்தால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எச்சரிக்கை தெரிய வேண்டும், ஆலோசகர் அந்தப் பெண்ணைத் தனியே சந்திக்க வேண்டும்.

முதல் மதிப்பீட்டில், ஆறு மாதம் வரை மறுபடி தாக்கப்படாதவர்கள் பத்தில் ஆறு பேர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 42 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. ஆகவே கார்டிஃபின் மருத்துவமனைக் கணக்கை நம்பும் அளவுக்கு இதை நம்ப முடியாது. இருந்தாலும் மறுநாள் காலை ஒரு பூட்டு மாறுகிறது. அந்த அளவில் இந்த வழிக்கு என் மதிப்பெண் அதிகம்.

குறை என்று பார்த்தால், பாதிக்கப்பட்டவர் அந்த அறையில் இருப்பதில்லை. அவரைப் பற்றிப் பத்துப் பேர் பேசுகிறார்கள். அவர் ஆலோசகர் வழியாகத்தான் பேசுகிறார். அந்த ஆலோசகர் இடம் காலியாக இருந்தால் கூட்டத்தை நடத்தாமல் இருப்பதே நல்லது என்பேன். இன்னொன்று சுமை. 'எதற்கும் அனுப்பி வைப்போம்' என்று எல்லாரும் அனுப்பத் தொடங்கினால், ஒரு நாளைக்கு முப்பது வழக்கு சேர்ந்து, பத்து நிமிடம் நான்காகும். அப்போது பழைய குழுவுக்கும் இதற்கும் வித்தியாசம் இராது.

நேருக்கு நேர் அழைத்துச் சொல்வது

நான்காவதுதான் அதிகம் பேசப்படுவது, அதிகம் நகலெடுக்கப்படுவது, அதிகம் கெடுக்கப்படுவது.

பாஸ்டனில் 1990-களின் தொடக்கத்தில் இளைஞர்கள் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டுச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். 24 வயது வரையிலானவர்களில் 1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரி 44 பேர் கொல்லப்பட்டார்கள். ஹார்வர்ட் ஆய்வாளர் டேவிட் கென்னடியும் அவருடைய கூட்டாளிகளும் தெருவை அறிந்த காவலர்களோடும் நன்னடத்தை அலுவலர்களோடும் வரைபடத்தைப் பரப்பி வைத்து உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. 61 கும்பல்கள், ஏறக்குறைய 1,300 பேர். நகரத்தின் அந்த வயதினரில் 1 சதவீதம்கூட இல்லை. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் இவர்கள் கணக்கில்.

விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது. 1992-இலிருந்தே அங்கே சில நன்னடத்தை அலுவலர்கள் காவலர்களோடு ஒரே காரில் ஏறி, இரவில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிபந்தனையின் பேரில் வெளியே இருக்கும் இளைஞன் இரவில் வீட்டில் இருக்க வேண்டும். இருக்கிறானா என்று பார்க்கும் அதிகாரம் நன்னடத்தை அலுவலருக்கு உண்டு, ஆனால் அந்தத் தெருவுக்குள் இரவில் தனியே போகத் துணை இல்லை. காவலருக்குத் துணிவும் வண்டியும் உண்டு, அந்தக் கதவைத் தட்ட முகாந்திரம் இல்லை. இரண்டையும் சேர்த்தார்கள். கூட்டு முயற்சி என்ற சொல்லுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

1996-இல் கும்பல் ஆட்களை அறைக்கு அழைத்தார்கள். எதிரே காவல்துறை, அரசு வழக்கறிஞர், மத்திய அரசு வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், தெருப் பணியாளர், மதகுருமார். சொன்ன செய்தி ஒன்றே: சுடுவதை நிறுத்துங்கள். உங்கள் கும்பலில் ஒருவர் சுட்டாலும் கும்பல் முழுவதையும் எங்கள் எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். விலக நினைப்பவருக்கு உதவி இதோ, இந்த எண். ஒரு சுவரொட்டியும் காட்டினார்கள். நீண்ட குற்றப் பின்னணி கொண்ட ஒருவர் ஒரே ஒரு தோட்டாவோடு பிடிபட்டு, மத்தியச் சட்டத்தின்கீழ் 19 ஆண்டு 7 மாதம் தண்டனை வாங்கிய கதை அதில் இருந்தது. போதை விற்பனையை நிறுத்து, திருட்டை நிறுத்து என்று பட்டியல் போடவில்லை. துப்பாக்கி ஒன்றுதான். அதனால்தான் அந்த அச்சுறுத்தலை அவர்களால் காப்பாற்ற முடிந்தது.

1997-இல் இளைஞர் கொலைகள் 15. மாதாந்திரக் கணக்கில் 63 சதவீதச் சரிவு என்றது ஆய்வு. பிறகு கலிஃபோர்னியாவின் ஓக்லாந்திலும் இதே முறையோடு துப்பாக்கிக் கொலைகள் ஏறக்குறைய 31 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2008-இல் துப்பாக்கிக்குப் பதில் கத்தி. இளைஞர்களை நீதிமன்ற அறைக்கே அழைத்துப் பேசினார்கள். இப்படி ஒரு டஜன் நகரங்களுக்கு மேல் சொல்லலாம்.

இத்தனை இருந்தும் முதல் தேர்வாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாஸ்டனிலேயே 2000-ஐ ஒட்டி இது கைவிடப்பட்டது. தடை போட்டவர் யாரும் இல்லை. முக்கியமானவர்கள் வேறு பொறுப்புகளுக்குப் போனார்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடிய கூட்டம் மெல்ல நின்றது, கொலைகள் மறுபடி ஏறின. 2007-இல் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. இந்த வழி முழுக்க முழுக்க நம்பிக்கையின் மேல் நிற்பது. 'எல்லாரும் ஒரே நேரத்தில் வருவோம்' என்று சொல்லிவிட்டு ஒருமுறை வராமல் போனால், அடுத்த கூட்டத்தில் அந்த இளைஞர்கள் சிரிப்பார்கள். 'உதவி இதோ' என்று கொடுத்த எண் எடுக்கப்படாவிட்டாலும் அதே சிரிப்பு.

இன்னொரு அபாயம், பட்டியல். யார் கும்பல், யார் வெறும் பக்கத்து வீட்டுப் பையன்? லண்டன் காவல்துறை 2012-இல் கும்பல் ஆட்கள் என்று ஒரு தரவுத்தளம் தொடங்கி, பல துறைகளோடு பகிர்ந்துகொண்டது. 2017-இல் லண்டனின் நியூஹாம் உள்ளாட்சியில், 203 பேரின் விவரங்கள் மறைக்கப்படாத பட்டியல் மின்னஞ்சலில் 44 பேருக்குப் போனது. பிறகு அது கும்பல்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. உள்ளாட்சிக்கு 1,45,000 பவுண்டு அபராதம். பட்டியலில் இருந்தவர்களில் கறுப்பின இளைஞர்கள் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள் என்ற கண்டனமும் எழுந்தது. 2024-இல் அந்தத் தரவுத்தளத்தையே மூடினார்கள். தகவலைப் பகிர்வது தன்னளவில் நல்லது என்று சொல்பவர்கள் இந்த மின்னஞ்சலை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நீதிபதியை நடுவில் வைப்பது

ஐந்தாவது, நீதிமன்றமே ஒருங்கிணைப்பது. 1989-இல் மயாமியில் தொடங்கிய போதை வழக்கு நீதிமன்றங்கள் இதன் முன்னோடி. விசாரணைக்கு முன் நீதிபதி, இரு தரப்பு வழக்கறிஞர்கள், நன்னடத்தை அலுவலர், சிகிச்சையாளர் எல்லாரும் உட்கார்ந்து இந்த வாரம் யார் தேறினார், யார் சறுக்கினார் என்று பேசுகிறார்கள். பிறகு நீதிபதி அவரவரோடு நேரில் பேசுகிறார். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வழக்கமான வழியில் மறுகுற்ற விகிதம் 50 சதவீதம் என்றால் இங்கே ஏறக்குறைய 38. நல்ல எண்தான். ஆனால் ஒரு நீதிபதியின் நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்க முடியும்?

அதைவிடப் பாடம் தருவது ஹவாய். 2004-இல் ஹொனலூலுவில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் கண்ட காட்சி: நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் பத்துப் பதினைந்து முறை நிபந்தனையை மீறுவார், ஒன்றும் நடக்காது, திடீரென்று ஒருநாள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் சிறை. அவர் இதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். தினமும் காலையில் தொலைபேசியில் அழைத்து இன்று எந்த நிறம் என்று கேட்க வேண்டும். தன் நிறம் வந்தால் அன்றே சிறுநீர்ப் பரிசோதனை. தவறினால் உடனே சிறை, ஆனால் சில நாள் மட்டும். இதற்காக நன்னடத்தை அலுவலர் எழுத வேண்டிய நீண்ட மனு, கட்டத்தை நிரப்பும் சின்னப் படிவமாகச் சுருங்கியது. 493 பேரை வைத்து நடத்திய ஆய்வில், இந்த முறையில் இருந்தவர்கள் புதுக் குற்றத்துக்காகக் கைதாவது 55 சதவீதம் குறைவு.

மற்ற மாநிலங்கள் உடனே இந்த முறையைப் பிடித்துக்கொண்டன. ஆர்கன்சா, மாசசூசெட்ஸ், ஓரிகன், டெக்சஸ் என்று நான்கு மாநிலங்களில் ஒவ்வோர் இடத்தில், 1,500-க்கும் மேற்பட்டவர்களோடு அதே முறையைப் போட்டுப் பார்த்தார்கள். மறுகுற்றத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. படிவம் போய்ச் சேர்ந்தது. அந்த நீதிபதியும் அவருக்கு அந்த ஊரில் இருந்த மரியாதையும் கூடவே போகவில்லை என்று நான் படிக்கிறேன். ஒருவரின் ஆளுமையில் ஓடும் வண்டியை அடுத்த ஊருக்கு ஓட்டிப் போக முடியாது. உங்கள் ஊரில் அப்படி ஒரு நீதிபதி இருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். மாற்றல் ஆகிப் போகும்போது என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

ஆக, எது?

சிக்கலின் உருவம்தான் முடிவு செய்யும். தெருவில் அடிதடி, மதுக்கூட வாசல் சண்டை, எங்கே நடக்கிறது என்றே தெளிவில்லை என்றால் மருத்துவமனை மேஜை. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை என்றால் ஆள்வாரிக் கூட்டம். சில கும்பல்களே பெரும்பாலான கொலைக்குக் காரணம் என்று கணக்குக் காட்டினால் நேரடி அழைப்பு, அதுவும் ஓராண்டு தயாரிப்புக்குப் பிறகு. போதையால் திரும்பத் திரும்ப வருபவர்கள் என்றால் நீதிமன்ற வழி. சிறை நிரம்பி வழிகிறது, வாய்தா தள்ளிக்கொண்டே போகிறது என்றால்தான் மேல்மட்டக் குழு, அதுவும் கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு.

எது சிக்கல் என்றே தெரியாத ஊருக்கு என் பதில் மருத்துவமனைதான். மலிவு, யாரையும் பட்டியலில் ஏற்றுவதில்லை, தோற்றாலும் எவருக்கும் கெடுதல் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவமனைக் கணக்கு கையில் இருந்தால்தான் மற்ற நான்கில் எதை எடுத்தாலும் அது பலித்ததா என்று அளக்க முடியும். காவல்துறைக் கணக்கை மட்டும் வைத்து அளந்தால், மக்கள் நம்பிக்கை வைத்துப் புகார் கொடுக்க வரும்போது குற்றம் 'கூடியது' போலத் தெரியும், திட்டத்தை மூடிவிடுவார்கள்.

எதை எடுத்தாலும் பேச்சுவார்த்தை கடைசியில் ஒரே இடத்தில் முட்டும். இந்தக் கூட்டங்களைக் கூட்டி, பெயர் நீக்கிய கணக்கைத் தயாரித்து, 'போன வாரம் மாற்றுவதாகச் சொன்ன பூட்டு மாறியதா?' என்று போன் போட்டுக் கேட்க முழுநேரமாக ஒருவர் வேண்டும். அவருக்கு எந்தத் துறையின் கணக்கிலிருந்து சம்பளம்? காவல்துறை கொடுத்தால் அவர் காவல்துறை ஆளாகத் தெரிவார், மருத்துவமனை கதவை அடைக்கும். உள்ளாட்சி கொடுத்தால் காவல்துறை தன் கணக்கைக் காட்டத் தயங்கும். எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது என்றால், முதல் நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது அந்தப் பங்கு. பாதிப் பங்கை ஒரு துறையும் மீதியை இன்னொரு துறையும் மூன்று ஆண்டுக்கு எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை முதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்காதீர்கள்.